மலைக் குடியிருப்புகளுக்குக் காப்புவெளி

தை பிறந்துவிட்டால் மலைத்தோட்டக்காரர்களுக்கு ஓய்வு என்பதே இல்லை. காப்பிப் பழம் பறித்து முடிவதற்குள் மிளகு பழுக்கத் தொடங்கிவிடுகிறது. மாசி, பங்குனி மாதங்களில் ஓராண்டின் உழைப்பு முழுவதும் மூட்டைகளாகக் கட்டப்பெற்று வீடுகளிலும் சங்கக் கிடங்குகளிலும் அடுக்கப்பட்டிருக்கும். அதே மாதங்களில்தான் மலைச்சரிவுகளில் புல் காய்கிறது. உண்ணிச்செடிப் புதர்கள் சருகாகின்றன. ஒரு பொறி விழுந்தால் போதும் என்ற நிலையில் காடு நிற்கிறது. வீட்டில் செல்வம் நிறைந்திருக்கும் காலமும் காட்டுத்தீயின் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

இதனை ஊழ்வினை என்று சொல்லி விட்டுவிடுதல் தகாது. காட்டில் எழும் தீயை முற்றிலும் தடுப்பது எவராலும் இயலாத செயலாக இருக்கலாம். ஆனால், அந்தத் தீ வீடுகளைப் பற்றாமல் காப்பது பெரும்பாலும் இயலும் செயலே. வீட்டைச் சுற்றி எரிபொருள் இல்லாத, அல்லது மிகக் குறைந்த ஓர் இடைவெளியை ஏற்படுத்தி, அதனை ஆண்டுதோறும் பேணி வருவதே அதற்குரிய வழி. இதனைக் 'காப்புவெளி' என்று அழைக்கலாம். காப்புவெளியை எவ்வாறு அமைப்பது, அதில் கூட்டுறவுச் சங்கத்துக்கு என்ன பங்கு உண்டு என்பனவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

பழனிமலைத் தொடரின் கீழ்மலைப் பகுதியில் உள்ள ஒரு சிற்றூருக்கு, அங்குள்ள விளைபொருள் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடுவதற்காக நாம் செல்வதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பங்குனி மாதத்தில் சென்றபொழுது, முந்திய வாரம் அவ்வூரைத் தீ தொட்டுச் சென்றிருந்தது. கீழ்ச்சரிவிலிருந்து ஏறி வந்த தீ ஊரின் எல்லையிலிருந்த வண்டிப்பாதையோடு நின்றுவிட்டது. ஆயினும், பாதையைத் தாண்டி ஒரே ஒரு வீடு எரிந்து போயிருந்தது.

அந்த வீடு வயது முதிர்ந்த ஒரு பெண் அங்கத்தினருக்குச் சொந்தமானது. ஊரில் அவருடைய முற்றத்தைப்போல் துப்புரவான முற்றம் வேறில்லை என்று எல்லோரும் கூறினர். ஆனால், அவர் வீட்டை அடுத்துச் சில அடி தொலைவில், கீழ்நாட்டில் குடியிருக்கும் மற்றோர் அங்கத்தினரின் பழைய கொட்டகை ஒன்று இருந்தது. அதில் வாழைக்கு முட்டுக் கொடுக்கும் கம்புகளும் வைக்கோலும் கிழிந்த சாக்குகளும் பல ஆண்டுகளாகக் கிடந்தன. காற்றில் பறந்து வந்த பொறி அதில் விழுந்தது. கொட்டகை எரிந்த வெப்பத்தில் அம்மூதாட்டியின் வீட்டு இறவாணம் பற்றிக்கொண்டது. சங்கத்தில் முன்பணம் பெற்று அவர் அடுக்கி வைத்திருந்த மிளகு மூட்டைகள் கரியாயின. கடன் மட்டும் எரியாமல் பேரேட்டில் நின்றது.

"தம்பி, என் வாசலைத்தானே நான் பெருக்க முடியும்? அடுத்தவர் வாசலை யார் பெருக்குவது?" என்று அவர் நம்மைக் கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். சங்கக் கிடங்கின் மேற்குச் சுவரை ஒட்டி விறகு அடுக்கப்பட்டிருந்ததை நாம் முந்திய ஆண்டே கண்டிருந்தோம். ஆனால், ஆய்வுக் குறிப்பில் அதனை எழுதவில்லை. ரொக்க இருப்பு, சரக்கு இருப்பு, தவணை கடந்த பாக்கி ஆகியவற்றுக்குப் படிவத்தில் இனங்கள் உண்டு; விறகு அடுக்குக்கு இனம் இல்லை. தீ வந்த அன்று அந்த அடுக்கிலும் ஒரு பொறி விழுந்து புகைந்திருக்கிறது. தற்செயலாக அவ்வழியே வந்த ஓர் இளைஞர் விறகை இழுத்து எறிந்ததனால் கிடங்கு பிழைத்தது. ஊர் முழுவதன் விளைச்சலும் அன்று அந்த ஒருவரின் கண்பார்வையில் தங்கியிருந்தது.

தீ வீட்டைப் பற்றும் வகை

காட்டுத்தீ என்றவுடன் பனைமர உயரத்துக்கு எழும் தீச்சுவர் ஒன்று ஊரை விழுங்குவதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மை வேறு. தீ வீட்டைப் பற்றுவதற்கு மூன்று வழிகள் உண்டு. தரையிலுள்ள புல், சருகு முதலியவற்றின் வழியே தீநாக்கு ஊர்ந்து வந்து சுவரைத் தொடுவது ஒன்று. அண்மையில் எரியும் பெருந்தீயின் வெப்பம் தொடாமலேயே பற்ற வைப்பது இரண்டாவது. காற்றில் பறந்து வரும் பொறிகள் வீட்டின் மீதும் வீட்டை ஒட்டியும் விழுந்து பற்றிக்கொள்வது மூன்றாவது. இம்மூன்றில் நாம் குறைவாக மதிப்பிடும் மூன்றாவதே மிகுதியான வீடுகளை அழிக்கிறது. பலத்த காற்றில் பொறிகள் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று விழக்கூடும்.

காட்டுத்தீயினால் பெருஞ்சேதம் கண்டு அதனை நெடிது ஆராய்ந்தவர்களுள் அமெரிக்கர் குறிப்பிடத்தக்கவர். அந்நாட்டு வனத்துறையின் ஆராய்ச்சியாளரான ஜாக் கோஹன் என்பார், கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் 1990-களின் இறுதியில் நடைபெற்ற சோதனைகளில் பங்கேற்றார். அடர்ந்த ஊசியிலைக் காட்டுக்கு எதிரே 10, 20, 30 மீட்டர் தொலைவுகளில் மரச்சுவர்களை நிறுத்திக் காட்டுக்குத் தீயிட்டுப் பார்த்தனர். 10 மீட்டரில் நின்ற சுவர்கள் சில சோதனைகளில் தீப்பற்றின. 20, 30 மீட்டர்களில் நின்றவை தீப்பற்றவில்லை. மரமுடிகள் கொழுந்துவிட்டு எரிந்தபொழுதும், சுமார் 100 அடிக்கு அப்பால் அதன் வெப்பம் மரச்சுவரைப் பற்றவைக்கும் ஆற்றலை இழந்துவிட்டது என்பது இதனால் விளங்கும். ஆகவே, வீட்டின் நன்மை தீமை பெரும்பாலும் வீட்டையும் அதைச் சுற்றிய 100 அடி நிலத்தையும் பொறுத்ததே அன்றித் தொலைவிலுள்ள காட்டைப் பொறுத்ததன்று.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலையடிவாரத்தில் பாரடைஸ் என்னும் ஊர் உள்ளது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் மூண்ட தீ, அவ்வூரையும் சுற்றுப்புறங்களையும் சேர்த்து 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. 85 பேர் மாண்டனர். தீக்குப்பின் எடுத்த படங்களில் வீடுகள் சாம்பலாகிக் கிடக்க, அவற்றின் அருகே மரங்கள் பச்சையாகவே நிற்பதைப் பல இடங்களில் காணலாம். காடு வீடுகளை எரித்தது என்பதைவிட, வீடே வீட்டை எரித்தது என்பதே அங்கு பொருந்தும். அத்தீயைப்பற்றிப் பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்றும் இதனை உறுதி செய்தது. எரிந்துபோன கட்டடத்திலிருந்து சுமார் 60 அடிக்கு மேல் விலகியிருந்த வீடுகள் பிழைப்பதற்கு மிகுந்த வாய்ப்புப் பெற்றிருந்தன. அதற்குள் இருந்தவற்றுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. நம் கீழ்மலைச் சிற்றூரின் கொட்டகையும் கடல் கடந்த அந்நகரமும் கற்பிக்கும் பாடம் ஒன்றே.

பொறி சிறியது, அதற்கு வேண்டிய உணவும் சிறியதே. நம் நெசவாளர்கள் இதனை நன்கு அறிவார்கள். தறிமரத்தின் மீது ஒரு பீடிப்பொறி விழுந்தால் கரும்புள்ளி இட்டு அவிந்துவிடும். அதே பொறி தறிக்குழியோரம் கிடக்கும் கழிவுநூலில் விழுந்தால் தறியும் மிஞ்சாது. மலையிலும் முதலில் அகற்ற வேண்டியவை பெருமரங்கள் அல்ல. புல், சருகு, சுள்ளி, சாக்கு, வைக்கோல் ஆகியனவே. வருமுன் காத்தலைச் சொல்ல வந்த வள்ளுவரும் நெருப்பின் முன் கிடக்கும் வைக்கோற்போரைத்தான் உவமையாகக் கொண்டார்.

மூன்று வட்டங்கள்

கலிபோர்னியா மாநிலத்தில், தீ அபாயமுள்ள மலைப்பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை காப்புவெளி பேணுவது சட்டப்படி கட்டாயம். சுவரை ஒட்டிய முதல் 5 அடியைத் தனி வட்டமாகச் சேர்க்க 2020-ஆம் ஆண்டில் அங்கு மற்றுமொரு சட்டம் இயற்றப்பட்டது. இந்த அளவுகளை நம் மலைகளுக்கேற்பப் பின்வருமாறு கொள்ளலாம்.

முதல் வட்டம், சுவரிலிருந்து 5 அடி. மூன்றிலும் இதுவே தலையாயது; செலவும் இதற்கே மிகக் குறைவு. இதற்குள் எரியக்கூடிய பொருள் எதுவும் இருத்தலாகாது. விறகு, வைக்கோல், சாக்கு, ஓலைத்தட்டி, காய்ந்த கொடி, பழைய கூடை யாவும் அகற்றப்பட வேண்டும். மண்தரை, கற்பாவு, சரளை ஆகியவை நல்லன. கூரையின் மீதும் மழைநீர்ப் பீலியிலும் தங்கும் சருகை வாரம் ஒரு முறை வாரிவிட வேண்டும். ஓடுகளுக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்துகளைச் சுண்ணச்சாந்து கொண்டு அடைக்கலாம். காற்றுப்புழை வேண்டிய இடங்களில் நெருக்கமான கம்பிவலை பொருத்தினால் பொறி உட்புகாது. புல் வேய்ந்த கூரைக்கு மட்டும் இவ்வழிகள் போதா. அக்கூரையே பொறிக்கு உணவாகிவிடுமாதலால், முதலில் சமையற் கொட்டகைக்கும் விளைபொருள் வைக்கும் அறைக்குமாவது ஓடு அல்லது தகரம் போடுதல் வேண்டும்.

இரண்டாம் வட்டம், 5 அடி முதல் 30 அடி வரை. இங்குச் செடிகள் இருக்கலாம். ஆனால் பசுமையாகவும் இடைவிட்டும் இருக்க வேண்டும். புல்லை நான்கு விரற்கடைக்கு மேல் வளரவிடக் கூடாது. பசிய வாழை எளிதில் தீப்பற்றாது. ஆனால், அதன் தண்டைச் சுற்றித் தொங்கும் காய்ந்த சருகு தீ மேலே ஏறுவதற்கு ஏணியாகிவிடும். அதனை அறுத்துவிட வேண்டும். மரங்களின் கீழ்க்கிளைகள் தரையிலிருந்து 6 அடிக்காவது உயர்ந்திருக்க வேண்டும். அவற்றின் அடியில் புதர் கூடாது. விறகு அடுக்கும் வைக்கோற்போரும் இந்த வட்டத்துக்கு வெளியே, கூடுமானால் வீட்டின் மட்டத்துக்குப் பக்கவாட்டில் அமையட்டும்.

மூன்றாம் வட்டம், 30 அடி முதல் 100 அடி வரை. இதன் நோக்கம் தீயை நிறுத்துவதன்று. அதனைத் தரையில் தாழ்த்தி வேகத்தைக் குறைப்பதே. உண்ணிச்செடியை வேரோடு களைதல், காய்ந்த மரங்களையும் விழுந்த கிளைகளையும் அப்புறப்படுத்துதல், மரமுடிகள் ஒன்றோடொன்று உராயாதபடி இடம் விடுதல் ஆகியவை இங்குச் செய்ய வேண்டியவை. தைலமரமும் பைன் மரமும் எண்ணெயும் பிசினும் கொண்டவை. அவற்றின் உதிர்ந்த பட்டையும் இலையும் கடுமையாக எரியும். வீட்டருகில் இவற்றைப் புதிதாக நடுதல் ஆகாது.

சரிவு, மண், சட்டம்

சமவெளியில் பொருந்தும் அளவு மலைச்சரிவில் போதாது. தீயின் சுடரும் வெப்பமும் மேல்நோக்கிச் செல்பவை. ஆகையால், சரிவில் மேலே இருக்கும் புல் தீ வருமுன்பே உலர்ந்து பற்றத் தயாராகிவிடுகிறது. சரிவு ஒவ்வொரு 10 பாகைக்கும் தீ மேலேறும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது என்பது வல்லுநர் கணக்கு. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேற்றம் சென்றவர்கள் காய்ந்த புற்சரிவில் தீயிடை அகப்பட்டு 20-க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்ததை நாம் மறக்கவில்லை. ஓடும் மனிதரைவிட வேகமாக ஏறவல்லது மலைத்தீ. ஆதலால், வீட்டுக்குக் கீழேயுள்ள சரிவில் காப்புவெளியை 100 அடியோடு நிறுத்தாமல், இயன்றவரை நீட்டிக்கொள்வது நன்று.

காப்புவெளி என்பது பொட்டல் அன்று என்பதையும் வற்புறுத்த வேண்டும். சரிவை மண்வெட்டியால் சுரண்டி வெறுமையாக்கினால், தீயிலிருந்து தப்பிய மண் ஐப்பசி மழையில் ஓடைக்குப் போய்விடும். புல்லை அரிவாளால் தாழ அறுக்க வேண்டும், வேரைப் பிடுங்கலாகாது. படிக்கட்டு நிலங்களின் கற்கட்டுகளைப் பழுது பார்த்து வைத்தால் அவை மண்ணையும் காக்கும், தரைத்தீயையும் தடுக்கும். அறுத்த புல்லையும் சருகையும் கோடையில் தீயிட்டு ஒழிக்க முனைதல் பெருந்தவறு. காட்டுத்தீக்கு அதுவே காரணமாகிவிடக்கூடும். அவற்றை எருக்குழியில் இட்டால் அடுத்த ஆண்டுக்கு உரமாகும்.

காப்புக் காடுகளில் தீ மூட்டுதல் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் பட்டா நிலத்து மரமாயினும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெற்றே வெட்டவேண்டும். ஆகவே, எந்த மரத்தில் கை வைக்குமுன்னும் கேட்டறிந்துகொள்க. நம் நிலம் காப்புக் காட்டை ஒட்டியிருந்தால், எல்லையில் தீத்தடுப்புக் கோடு செப்பனிடுமாறு கோடைக்கு முன்பே வனச்சரகருக்குச் சங்கத்தின் பெயரால் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். தனியொருவரின் வாய்மொழியைவிடச் சங்கத் தீர்மானத்துக்கு மதிப்பு மிகுதி.

சங்கம் செய்யக்கூடியவை

இப்பொழுது அம்மூதாட்டியின் வினாவுக்கு வருவோம். அடுத்தவர் வாசலை யார் பெருக்குவது? தீக்கு எல்லைக்கல் தெரியாது. சர்வே எண் தெரியாது. 100 அடி வட்டம் என்று கணக்கிட்டால், மலையூர்களில் ஒருவரின் வட்டத்துக்குள் நான்கு பேரின் நிலம் வந்துவிடுகிறது. ஒருவர் எவ்வளவு உழைத்தாலும், அண்டையார் உழைக்காவிட்டால் அது பாதிக் காப்பே. தனித்து முடியாததைச் சேர்ந்து முடிப்பதற்காகவே கூட்டுறவு தோன்றிற்று. கடனிலும் விற்பனையிலும் கைக்கொண்ட அதே நெறியை இதற்கும் கைக்கொள்ள வேண்டியதுதான்.

நாம் குறிப்பிட்ட சங்கம் அவ்வாண்டுப் பொதுக்குழுவில் இதனை எடுத்துக்கொண்டது. விவாதம் எளிதில் முடியவில்லை. "என் விறகு, என் சுவர், சங்கத்துக்கு என்ன அதிகாரம்?" என்று ஒருவர் கேட்டார். "அந்தச் சுவருக்கு அப்பால் என் வீடு இருக்கிறதே, அண்ணே!" என்று அண்டை வீட்டுக்காரர் சொன்னார். அதற்குமேல் எதிர்ப்பு எழவில்லை. தீர்மானம் நிறைவேறிற்று. தை மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டுக்கு ஓர் ஆள் வீதம் வந்து, ஊரின் கீழ்ச்சரிவிலிருந்து தொடங்கி வரிசையாகத் துப்புரவு செய்தனர். முதியோர், கைம்பெண்டிர், நோயாளிகள் ஆகியோரின் வீடுகளைச் சங்கமே ஏற்றது. வெளியூரில் இருக்கும் நிலக்காரர்களுக்குக் கடிதம் எழுதி இசைவு பெற்று, வேலை செய்து, கூலியை அவர்கள் கணக்கில் பற்று எழுதினர். பழைய கொட்டகையின் சொந்தக்காரரே அதனைப் பிரித்துவிடும்படி மறுமொழி அனுப்பினார். ஒரு கடிதத்தில் முடிந்திருக்கக்கூடிய காரியத்துக்கு ஒரு வீடு விலையாயிற்று.

பிற சங்கங்களும் இதனைப் பின்பற்றலாம். முதலில் ஊரின் படம் ஒன்றை வரைந்து, வீடுகள், கொட்டகைகள், நீர்த்தொட்டிகள், பாதைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலியாகக் கிடக்கும் கட்டடங்களைத் தனியே குறிக்க வேண்டும். புல் வெட்டும் இயந்திரம் ஒன்றைச் சங்கம் வாங்கி வாடகைக்கு விட்டால் எல்லார்க்கும் பயன்படும். துணைவிதிகள் இடம் கொடுக்கும் அளவுக்குப் பொதுநல நிதியிலிருந்து செலவு செய்யலாம். கிடங்கையும் சரக்கையும் தீக்கு எதிராகக் காப்புறுதி செய்யும் சங்கங்கள், அங்கத்தினர் வீட்டிலுள்ள அடமானச் சரக்கின் காப்புறுதி பற்றியும் ஆலோசித்தல் நலம். இந்திய வன ஆய்வு நிறுவனம் துணைக்கோளின் உதவியால் காட்டுத்தீயைக் கண்டு, பதிவு செய்துகொண்டவர்களின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறது. சங்கச் செயலாளர் அதில் பதிவு செய்துகொண்டால் ஊருக்கு முன்னறிவிப்புக் கிடைக்கும்.

தீ அணுகினால்

காப்புவெளி அமைத்தாயிற்று என்று தீயின் எதிரே நின்று போராடலாகாது. குழந்தைகளையும் முதியோரையும் முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். ஊரிலிருந்து வெளியேற இரு வழிகள் இருத்தல் வேண்டும். அவற்றின் இருமருங்கிலும் புல் அறுக்கப்பட்டிருக்க வேண்டும். கால்நடைகளின் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். தீக்கு மேலேயுள்ள சரிவில் ஏறி ஓடுதல் கூடாது; பக்கவாட்டில் விலகிச் செல்ல வேண்டும். தீ கடந்துபோன பின்பும் பல மணி நேரம் பொறிகள் புகைந்துகொண்டிருக்கும். பாதுகாப்பு என்று உறுதியானபின், தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானை நன்கு கழுவி நீர் நிரப்பிக்கொண்டு, கூரையையும் இறவாணத்தையும் சுற்றிப் பார்த்தல் வேண்டும். வீடுகள் பல அந்த நேரத்தில்தான், ஆள் இல்லாமையால், மெல்லப் பற்றி எரிந்துபோகின்றன.

முடிவுரை

இப்பொழுது மலைச் சங்கங்களுக்குச் செல்லும்பொழுதெல்லாம் ஆய்வுக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து வினாக்களை எழுதிக்கொள்கிறோம். கிடங்கின் சுவரை ஒட்டி 5 அடி வெறுமையாக உள்ளதா? கூரையில் சருகு இருக்கிறதா? கீழ்ச்சரிவின் புல் அறுக்கப்பட்டதா? ஆளில்லாக் கொட்டகை எத்தனை? தாமே செய்ய இயலாத அங்கத்தினர் யார், அவர் பொருட்டுச் சங்கம் செய்தது என்ன? படிவத்தில் இவற்றுக்கு இனம் இல்லை. ஆனால், படிவத்திலுள்ள இனங்கள் யாவும் சாம்பலாகாமல் இருப்பதற்கு இவையே காவல்.

இவ்விதழ் அங்கத்தினர் கைக்குக் கிடைத்ததும் ஒரு காரியம் செய்யும்படி வேண்டுகிறோம். எழுந்து தத்தம் வீட்டுச் சுவரை ஒரு முறை சுற்றி வாருங்கள். சுவரை ஒட்டிக் கிடக்கும் விறகையும் சாக்கையும் அப்புறப்படுத்துங்கள். பிறகு அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுச் சுவரையும் சுற்றி வாருங்கள். காப்புவெளி என்பது அந்த இரண்டாவது சுற்றில்தான் தொடங்குகிறது.